நீர்ப்பறவைகளும் நிலத்து மக்களும்

வன்னிப் பெருநிலத்தின் கிழக்குக் கரையில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் என இரு ஊர்கள் உள்ளன. அரசாங்க வர்த்தமானி பறவையைப் பற்றிப் பேசத் தொடங்குமுன்னரே அவ்வூர்ப் பெயர்களில் கொக்கு குடிபுகுந்துவிட்டது. பறவையும் மனிதனும் ஒரே நீரை அண்டி வாழ்ந்தமைக்கு இதனினும் எளிய சான்று நமக்கு வேண்டுவதில்லை.

சட்டத்தின் வரலாறு பிந்தியது. 1937இல் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1938இல் சுண்டிக்குளமும், 1951இல் கொக்கிளாய்க் கடனீரேரியும் சரணாலயங்களாயின. சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. 2017இல் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கமாயிற்று.

பறவை பார்க்க வருவோர் பெரும்பாலும் பூநாரைக் கூட்டத்தையே தேடுகின்றனர். அதுவோ இங்கு விருந்தாளி. அது கூடு கட்டுவது இந்தியாவின் கட்ச் உப்புவெளியில். நம் மண்ணிற் குஞ்சு பொரிப்பவை வேறு. மாரிமழை குளங்களை நிரப்பியபின் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் நீர்சூழ்ந்த மரங்களிற் கூடு கட்டுகின்றன. பவளக்காலியும் ஆலாவும் உப்புக்கொத்தியும் கோடையில் நீர் வற்றிய வெளியிலே, வெறுந்தரையிற் சிறு குழியில் முட்டையிடுகின்றன. மணலின் நிறமே முட்டையின் நிறம். பருந்தின் கண்ணை ஏய்க்கும் அந்நிறம், வண்டிச் சக்கரத்தையோ பார்க்க வந்தவர் காலடியையோ தடுக்க வல்லதன்று. ஆகவே, இனப்பெருக்க காலத்தில் தொலைநோக்கியுடன் தூரத்தே நிற்பதுதான் பறவை பார்ப்போர்க்குரிய முதற்பண்பு.

கூடு கலைவதன் துயரை இந்நிலத்து மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் தம் ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். கால் நூற்றாண்டு அகதி வாழ்வின் பின்னரே மீள முடிந்தது. 2009 மே மாதத்தில் நந்திக்கடற் கரையிலேயே போர் முடிந்தது. அந்நீரைக் கடந்தே பல்லாயிரவர் உயிர் தப்ப முயன்றனர். எட்டாண்டுகளின் பின் அதே நீர் உயிரினங்களுக்கென ஒதுக்கப்பட்டபோது, தம் வயலும் தொழிற்றுறையும் எல்லைக்கோட்டின் எப்பக்கத்தன என்று மக்கள் கேட்டனர். அக்கேள்வியைப் பறவைக்கு எதிரான கேள்வி என்று கொள்வது அறியாமை. அது எல்லைக்கோட்டை வரைந்தவர்களை நோக்கிய கேள்வி.

தமிழகத்து வேடந்தாங்கல் நமக்கொரு பாடம். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அவ்வூர் உழவர் அறிந்திருந்தனர். எனவே, வேட்டைத் துப்பாக்கியினின்று பறவைகளைக் காக்குமாறு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு உரிமைச் சாசனம் பெற்றனர். அங்கு உழவனது உரிமையே பறவைக்கு வேலியாயிற்று.

வன்னியிலும் அதுவே நடைபெறல் வேண்டும். மீனவனும் உழவனும் உடனிருந்து வரையும் எல்லையே நிலைக்கும். தன் காணிக்கு உறுதி பெற்ற மனிதன், மணலிற் கிடக்கும் முட்டைக்கும் காவலனாவான் என்பதில் நமக்கு ஐயமில்லை.