மலை உச்சியும் ரயில் பெட்டியும்: கே. பாலசந்தர் படங்களின் முடிவுகள், 1965–1992

கே. பாலசந்தரைச் சோக முடிவுகளின் இயக்குநராகவே நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். 'மரோ சரித்ரா'வின் காதலர் சாவும் 'புன்னகை மன்னன்' படத்தின் வெடிகுண்டும் அந்தப் பெயரை அவருக்கு வாங்கித் தந்தன. ஆனால் 1965 முதல் 1992 வரையிலான அவருடைய படங்களின் கடைசிக் காட்சிகளை வரிசையாகப் பார்த்தால் இரண்டு தனித்தனி இழைகள் தெரிகின்றன. ஒன்று, காதலர் தற்கொலை என்ற முடிவோடு அவர் தமக்குள்ளேயே நடத்திய நீண்ட விவாதம். மற்றொன்று, கதாநாயகி சாகாமலும் மணமாலை சூடாமலும் தன் வழியே கிளம்பிப் போகும் முடிவு. தமிழ்த் திரைக்கு அவருடைய பெரிய கொடை இந்த இரண்டாவது இழையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

மேடையிலிருந்து வந்த முடிவுகள்

பாலசந்தருக்கு முன்பே தமிழ்ப் படங்களில் சாவு உண்டு. 'பாசமலர்' (1961) அண்ணனையும் தங்கையையும் சேர்த்தே பறித்துக்கொண்டது. ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) மருத்துவரின் உயிரைப் பலி வாங்கியது. இந்தச் சாவுகள் தியாகங்கள். செத்தவர் உயர்ந்தவராகிறார், குடும்பமும் மணவாழ்வும் கறைபடாமல் நிற்கின்றன, பார்த்தவர் மனம் கனத்தாலும் கேள்வி எதுவும் எஞ்சுவதில்லை.

சென்னையில் கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்தபடியே நாடகம் போட்டு வளர்ந்தவர் பாலசந்தர். தம் நாடகத்தையே படமாக்கி இயக்குநராக அறிமுகமான 'நீர்க்குமிழி'யில் (1965) சிரிக்க வைக்கும் நாகேஷை மருத்துவமனைப் படுக்கையில் சாகவிட்டார். 'பாமா விஜயம்' (1967), 'எதிர்நீச்சல்' (1968) இரண்டும் நல்லபடியாகவே முடிகின்றன. சோகமானாலும் சுபமானாலும் இக்காலப் படங்கள் மேடை நாடகத்தின் ஒழுங்கில்தான் முடிகின்றன: திரை விழும்போது எல்லா முடிச்சும் அவிழ்ந்திருக்கும்.

அவிழாத முடிச்சு

திருப்பம் 1974-இல் வந்தது. 'அவள் ஒரு தொடர்கதை'யின் கவிதா, குடும்பத்தையே தன் சம்பளத்தில் சுமப்பவள். கல்யாணம் கைகூடும் வேளையில் அண்ணன் கொல்லப்பட, தனக்கு வாய்க்க இருந்த வாழ்வைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் வேலைக்குப் போகிறாள். ரித்விக் கட்டக்கின் வங்காளப் படமான 'மேக டாக்கா தாரா'வோடு (1960) இதை ஒப்பிடுவது வழக்கம். அங்கேயும் குடும்பத்துக்காகத் தேய்பவள் ஒரு மூத்த மகள்தான். ஆனால் அவளைக் காசநோய் தின்கிறது, வாழ வேண்டும் என்று கதறுவதே அவளுக்கு மிச்சம். கவிதாவுக்குச் சாவென்ற விடுதலை இல்லை. மறுநாள் அலுவலகம் உண்டு, மாதக் கடைசி உண்டு. தலைப்பிலேயே இயக்குநர் தம் முடிவைச் சொல்லிவிட்டார்.

'அபூர்வ ராகங்கள்' (1975) இத்தனை துணியவில்லை. மூத்த பெண்ணை இளைஞன் காதலிப்பதையும், அவள் மகள் அவன் தந்தையை விரும்புவதையும் விக்கிரமாதித்தனிடம் வேதாளம் போடும் புதிரைப் போல் முன்வைத்த படம், கடைசியில் மகனைத் தந்தையிடமும் மகளைத் தாயிடமும் திருப்பி அனுப்பிவிடுகிறது. கேள்வி புதியது, விடை பழையது.

'அவர்கள்' (1977) அந்தக் குறையைத் தீர்த்தது. அனுவைச் சுற்றி மூன்று ஆண்கள்: கொடுமைக்காரக் கணவன், பழைய காதலன், அவளை மனதுக்குள் விரும்பும் ஜனார்த்தனன். மூவரில் யாரை அவள் ஏற்பாள் என்ற எதிர்பார்ப்பிலேயே படம் நகர்கிறது. அவளோ மூவரையும் விட்டு ரயில் ஏறுகிறாள். துணைக்கு வருபவள் மாமியார். வேலைக்காரியாக அனுவின் வீட்டுக்குள் வந்து மருமகளுக்கும் பேரக்குழந்தைக்கும் உழைத்தவள், பெற்ற மகனை விட்டு மருமகளோடு போகிறாள். மாமியார் என்றாலே கொடுமை என்று பழகியிருந்த திரையில், ஒரு குடும்பம் ஆண் துணையின்றித் தன்னை மறுபடி கட்டிக்கொள்வதை அந்த ரயில் பெட்டி காட்டியது. இதைச் சோகம் என்று சொல்ல முடியாது, சுபம் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கும். அந்தத் தயக்கத்தைப் பார்வையாளரிடம் உண்டாக்கியதே படத்தின் வெற்றி.

மலை உச்சியிலிருந்து

அடுத்த ஆண்டே நேர் எதிரான முடிவு. விசாகப்பட்டினத்தில் நடக்கும் தெலுங்குப் படமான 'மரோ சரித்ரா' (1978), மொழிமாற்றம் செய்யப்படாமலே சென்னையில் ஓராண்டுக்கும் மேல் ஓடியது. பெற்றோர் விதித்த பிரிவைக் காதலர்கள் தாங்கி முடிக்கிறார்கள். சேரப்போகும் வேளையில் பிறர் வன்முறை அவர்களைச் சிதைக்க, இருவரும் சேர்ந்தே சாகிறார்கள். தடை நீங்கிய பிறகு வரும் சாவு என்பதால் அதன் வலி அதிகம். கதையை கோவாவுக்கு நகர்த்தி, இந்தியில் 'ஏக் தூஜே கே லியே' (1981) என்று எடுத்தபோதும் முடிவை அவர் மாற்றவில்லை. படத்தின் பாதிப்பில் காதலர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன.

'புன்னகை மன்னன்' (1986) இந்தப் பின்னணியில்தான் பொருள்படுகிறது. 'மரோ சரித்ரா' முடிந்த இடத்தில் இது தொடங்குகிறது. அதிரப்பள்ளி அருவியின் உச்சியிலிருந்து சேதுவும் ரஞ்சனியும் குதிக்கிறார்கள். அவள் சாகிறாள், அவன் மரக்கிளையில் சிக்கிப் பிழைக்கிறான். முந்தைய படம் அமர காதல் என்று கொண்டாடிய செயலின் மறுநாளை இந்தப் படம் கேட்கிறது. குற்றவுணர்வு, சிறை, ஊர்ப்பேச்சு, பிறகு சிங்களப் பெண் மாலினியின் வரவு என்று, சாவுக்குப் பின்னும் வாழ்க்கை மிச்சமிருப்பதைப் பொறுமையாக நிறுவுகிறது. அப்படி நிறுவிய பிறகும் கடைசியில் அந்த இருவரையும் வெடிகுண்டுக்குக் கொடுத்தது என் பார்வையில் பின்வாங்கல். கதை கேட்ட முடிவு வேறு, அவர் பெயருக்குப் பழகிப்போன முடிவு வேறு.

'வானமே எல்லை'யில் (1992) அவர் தம் விடையைச் சொன்னார். சாக முடிவெடுத்துக் கூடும் ஐந்து இளைஞர்களின் கதை அது. மாற்றுத்திறனாளியான எச். ராமகிருஷ்ணன் அவராகவே திரையில் தோன்றி அவர்களுக்கு நம்பிக்கை தருகிறார். வாழ்வதே முடிவாகிறது. பிரச்சார வாடை அடிக்கும் முடிவுதான். ஆயினும் காதலர் சாவைக் கவர்ச்சியாக்கிய கலைஞர் 14 ஆண்டுகளில் தம்மையே மறுத்த நேர்மை அதில் இருக்கிறது.

இரண்டாவது இழையின் எல்லைகள்

இதற்கிடையில் ரயில் பெட்டியின் மரபும் தொடர்ந்தது. 'சிந்து பைரவி'யில் (1985) சிந்து தான் பெற்ற குழந்தையை, அதன் தந்தையான ஜே.கே.பி.யின் மனைவி பைரவியிடம் கொடுத்துவிட்டு விலகிப் போகிறாள். 'மனதில் உறுதி வேண்டும்' (1987) நந்தினி, தன்னைக் கைவிட்ட கணவனுக்குச் சிறுநீரகம் தந்தபின் செவிலியர் பணியே போதும் என்கிறாள். இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. அனு போனது தனக்காக. சிந்து போவதால் நிம்மதி பெறுவது ஜே.கே.பி.யின் குடும்பம். விலகல் மெல்லத் தியாகமாக மாறும்போது, 1960-களின் பழைய முடிவே புதுச் சேலையில் திரும்பி வருகிறது.

எனவே பாலசந்தரின் வளர்ச்சியை இருளிலிருந்து ஒளிக்கு என்று நேர்கோடாக வரைய முடியாது. அவர் துணிந்தார், பின்வாங்கினார், தம் படத்துக்குத் தம் படத்தாலேயே பதில் எழுதினார். ஒரு முடிவு யாருக்கு ஆறுதல் தருகிறது, யாருடைய வாழ்வை அதற்கு விலையாகக் கேட்கிறது என்பதே அவர் படங்களை அளக்கச் சரியான அளவுகோல். அந்த அளவுகோலில் 'அவர்கள்' மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்து நிற்கிறது.