எல்லார் டோக்கனையும் கேட்ட கார்டு

போன வாரம் ஒரு ராத்திரி முழுக்க ஒரு வைஃபை கார்டோட மல்லுக்கட்டினேன். வீட்டு வைஃபை அடிக்கடி திணறுது, காத்துல என்னதான் நடக்குதுன்னு பார்த்துடலாம்னு லினக்ஸ்ல வயர்ஷார்க் திறந்தேன். என் லேப்டாப்போட போக்குவரத்து மட்டும்தான் தெரிஞ்சது. வேற எதுவும் இல்ல.

ஏன்னு புரியணும்னா, அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யை நினைச்சுக்கோங்க. எல்லா டோக்கன் நம்பரும் எல்லார் காதுலயும் விழும். ஆனா நம்ம நம்பர் வந்தாதான் எழுந்திருப்போம். வைஃபை கார்டும் அப்படித்தான். பக்கத்து வீட்டு பாக்கெட்டும் அதோட ஆன்டெனாவுக்கு வருது. "இது எனக்கில்ல"ன்னு தூக்கிப் போட்டுடும். அப்படிப் போடாம எல்லாத்தையும் என்கிட்ட கொடுன்னு கேட்கிறதுக்குப் பேர்தான் மானிட்டர் மோட்.

என் லேப்டாப் கார்டோட டிரைவர் இதுக்கு ஒத்துக்கவே இல்ல. கடைசியில வேற யூஎஸ்பி கார்டு வாங்கினேன். நெட்வொர்க் மேனேஜரை நிறுத்தி, இன்டர்ஃபேஸை இறக்கி, வகையை மானிட்டர்னு மாத்தி, திரும்ப ஏத்தினதும் திரை நிரம்பி வழிஞ்சது. ஒரு நேரத்துல ஒரு சேனலைத்தான் கேட்கும், அதனால சேனலையும் நாமதான் சொல்லணும். இந்தச் சின்ன வேலைக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

1997இல் வைஃபைக்கான 802.11 தரநிலை வந்தது. கூடவே பாதுகாப்புக்கு டபிள்யூ.ஈ.பி. என்ற பூட்டும் வந்தது. வயர் நெட்வொர்க்குக்குச் சமமான ரகசியம் கிடைக்கும் என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். உள்ளே இருந்தது ஆர்.சி.4 என்ற குறியாக்க முறை. ஒவ்வொரு பாக்கெட்டுடனும் ஒரு 24 பிட் எண் மறைக்கப்படாமல் வெளிப்படையாகவே போகும். 24 பிட் என்றால் மொத்தம் சுமார் 1.68 கோடி எண்கள்தான். கூட்டமான ஆபீஸ் ஒன்றில் சில மணி நேரத்திலேயே எண்கள் திரும்ப வர ஆரம்பித்துவிடும்.

2001 தொடக்கத்தில் போரிசோவ், கோல்ட்பெர்க், வாக்னர் மூவரும் இந்த ஓட்டைகளைச் சொன்னார்கள். அதே ஆண்டு ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் இன்னும் பெரிய குண்டைப் போட்டார்கள்: அந்த 24 பிட் எண்களில் சில, ரகசியச் சாவியையே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன. ஆர்.எஸ்.ஏ.வில் வரும் 'எஸ்' இருக்கே, அது இந்த ஷமீர்தான்.

ஆனா அது காகிதத்துல இருந்த கணக்கு. நிஜ நெட்வொர்க்ல செய்ய முடியுமா? ஆடம் ஸ்டபிள்ஃபீல்ட் என்ற மாணவர், ஏ.டி. அண்டு டி ஆய்வகத்தைச் சேர்ந்த அயோனிடிஸ், ரூபின் ஆகியோருடன் சேர்ந்து அதைச் செய்து காட்டினார். அவங்க கையில இருந்தது என்ன தெரியுமா? பிரிசம் 2 சிப்செட் உள்ள, கடையில் கிடைக்கிற ஒரு கார்டு. அப்புறம் லினக்ஸ், ஈதீரியல். அந்த ஈதீரியல்தான் 2006இல் வயர்ஷார்க் என்று பெயர் மாறியது. சில பத்து லட்சம் பாக்கெட்டுகளைச் சேகரித்ததும் சாவி கையில் வந்துவிட்டது.

சில கார்டுகளுக்கு மட்டும் கிராக்கி வந்தது அப்போதான். எந்த சிப் மானிட்டர் மோடுக்குப் போகும், எதுக்கு டிரைவரை ஒட்டுப்போட்டுத் திருத்தணும்னு ஆட்கள் பட்டியல் போட்டாங்க. ஏர்ஸ்னார்ட், கிஸ்மெட் போன்ற மென்பொருள்கள் 2001லேயே வந்துவிட்டன.

2003இல் டபிள்யூ.பி.ஏ., அடுத்த ஆண்டே டபிள்யூ.பி.ஏ.2 என்று புதுப் பூட்டுகள் வந்தன. ஆனாலும் பலர் பழையதை மாற்றவில்லை. அதற்கு விலை கொடுத்தது அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். கடைச் சங்கிலி. 2005இல் அதன் கடை வைஃபை வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள். அந்த நிறுவனம் அதைக் கண்டுபிடித்தது 2006 டிசம்பரில். அதற்குள் குறைந்தது 4.57 கோடி கார்டு எண்கள் போய்விட்டன. 2007இல் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் டபிள்யூ.ஈ.பி.யை உடைத்துக் காட்டினார்கள்.

சரி, அப்ப மானிட்டர் மோட் திருடனோட ஆயுதமா? நான் அப்படி நினைக்கல. ஓட்டை கார்டுல இல்ல, பூட்டுல இருந்தது. காத்துல போறதை யாரும் கேட்க மாட்டாங்கன்னு நம்பினது யாரையும் காப்பாத்தல. கேட்டுப் பார்த்து, சத்தமா சொன்னவங்களாலதான் நம்ம ஃபோன்ல இன்னைக்கு நல்ல பூட்டு இருக்கு. அதனாலதான், "உனக்கு இது தேவையில்ல"ன்னு டிரைவர் கதவைச் சாத்தும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருது.

ஒண்ணே ஒண்ணு. இதை உங்க சொந்த நெட்வொர்க்ல மட்டும் செஞ்சு பாருங்க. அனுமதி இல்லாம அடுத்தவங்க நெட்வொர்க்ல கை வைக்கிறது நம்ம ஐ.டி. சட்டப்படி குற்றம்.

ஆமா, என் வீட்டு வைஃபை ஏன் திணறுச்சு? அக்கம்பக்கத்து ரூட்டர் எல்லாம் என்னோட அதே சேனல்ல உட்கார்ந்திருந்தது. சேனலை மாத்தினேன், சரியாகிடுச்சு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.