பனி உலகிலிருந்து பாதம் வரை

ஃபேன் காற்று பட்டாலே கால் எரிகிறது என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு வயது 14. கோ-கோ ஆடும்போது கணுக்கால் மடங்கியிருக்கிறது. சுளுக்கு எப்போதோ ஆறிவிட்டது, நாலு மாதமாகியும் வலி மட்டும் போகவில்லை. என் பிசியோதெரபி அறைக்குள் வந்தபோது வலது காலில் செருப்பு இல்லை. பாவாடை விளிம்பு பாதத்தில் உரசாதபடி ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க மேடம். ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கிறான்னு சொல்றாங்க" என்றார் அம்மா. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். இதே பேச்சை எத்தனையோ அம்மாக்கள் சொல்லிக் கேட்டாயிற்று.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறோம். இவளுக்கு வந்திருப்பது அதில் பொல்லாத ஒரு வகை, சி.ஆர்.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், கையைவிடக் காலில் அதிகம். காயம் போன பிறகும் நரம்பு மண்டலம் அபாயமணியை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருக்கும். போர்வை பட்டாலும் வலிக்கும். அந்த வலி நிஜம்.

இப்படிப்பட்ட பிள்ளைகளின் முகத்தில் மெய்நிகர் கண்ணாடியை, அதாவது வி.ஆர். ஹெட்செட்டை, மாட்டிவிட்டு வைத்தியம் பார்க்கலாம் என்ற எண்ணம் எப்படி வந்தது என்று தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அந்தக் கதை இவளுடைய வலியில் தொடங்கவில்லை. தீக்காயத்தில் தொடங்கியது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரம். அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவியவர் டாம் ஃபர்னெஸ். அதற்கு முன்பு அமெரிக்க விமானப்படையில், போர் விமானிகளின் தலைக்கவசத்துக்குள்ளேயே காட்சிகளைக் காட்டும் கருவிகளை உருவாக்கியவர். அவருடைய கூடத்தில் ஹன்டர் ஹாஃப்மன் என்ற உளவியலாளர் சிலந்திக்குப் பயப்படுகிறவர்களுக்காக ஒரு மெய்நிகர் சமையலறையை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அதே ஊரில் ஹார்பர்வியூ மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் டேவிட் பேட்டர்சன் ஹிப்னாட்டிசத்தால் வலியைக் குறைக்க முயன்றுகொண்டிருந்தார். 1990-களின் நடுவில் இருவரும் கைகோத்தார்கள்.

தீக்காயப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், தீ சுட்டதைவிடக் கட்டு மாற்றுவது கொடுமை. பழைய துணியை உரித்து, புண்ணைக் கழுவி, செத்த தோலைச் சுரண்டி எடுத்து, மறுபடி மருந்து வைத்துக் கட்ட வேண்டும். பெரும்பாலும் தினமும். அசையாமல் படுத்திருக்கும்போது வலியை அடக்கிவைக்கிற மார்பின் வகை மருந்து அந்த நேரத்தில் மட்டும் கைவிட்டுவிடும். பயிற்சிக் காலத்தில் அந்தப் பிரிவின் வராந்தாவில் நின்று நான் கேட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஹாஃப்மன் குழுவினரின் முதல் அறிக்கை 2000-ஆம் ஆண்டு 'பெயின்' என்ற ஆய்விதழில் வந்தது. அதில் இரண்டே பேர், இருவருமே பதின்ம வயதுப் பையன்கள். ஒருவனுக்கு 16 வயது. வலது காலில் ஆழமான தீக்காயம், அறுவை செய்து ஸ்டேப்பிள் போட்டிருந்தார்கள். கட்டு மாற்றும் நேரத்தில் ஒரு பகுதியை அவன் வீடியோ கேம் ஆடிக் கழித்தான், இன்னொரு பகுதியைச் சிலந்திக்காக உருவாக்கிய அந்தச் சமையலறைக்குள் கழித்தான். பிறகு 100 மில்லிமீட்டர் கோட்டில் வலி எவ்வளவு என்று குறிக்கச் சொன்னார்கள். கேம் ஆடியபோது குறித்ததைவிட 80 மில்லிமீட்டர் குறைவாகக் குறித்தான். வலியை நினைத்துக்கொண்டிருந்த நேரம் 93 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. மற்றவனுக்கு 17 வயது. முகம், கழுத்து, முதுகு, கை, கால் என்று உடம்பில் 33.5 சதவீதம் வெந்திருந்தது. அவனுக்கும் 47 மில்லிமீட்டர் குறைந்தது. இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாதுதான். ஆனாலும் ஸ்டேப்பிளைப் பிடுங்கும் கை ஒரு பக்கம் இருக்க, அந்த 16 வயதுப் பையனின் கண்ணும் காதும் வேறோர் அறைக்குள் இருந்தன என்பதைப் படித்த அன்றைக்கு நான் வேறு வேலை பார்க்கவில்லை.

வலிக்கென்றே பிறகு அவர்கள் கட்டியதுதான் 'ஸ்னோவேர்ல்டு', பனி உலகம். நெருப்பில் வெந்தவனைப் பனிப் பள்ளத்தாக்கில் மிதக்கவிட்டார்கள். பனிமனிதர்கள் மீதும் பென்குவின்கள் மீதும் அவன் பனிப்பந்து எறியலாம். புண் கழுவும் தண்ணீர்த் தொட்டிக்குள் மின்கருவியைக் கொண்டுபோக முடியாதே என்று, ஒளியிழை வழியாக வெறும் வெளிச்சத்தை மட்டும் கண்ணுக்குக் கொண்டுவரும் ஹெல்மெட்டும் செய்தார்கள். ஆரோக்கியமானவர்களின் பாதத்தில் சூடு வைத்து மூளையைப் படம் பிடித்தபோது, பனி உலகத்துக்குள் இருந்த நேரத்தில் வலியோடு தொடர்புள்ள ஐந்து பகுதிகளில் செயல்பாடு குறைந்திருந்தது. 2004-இல் அதை வெளியிட்டார்கள்.

இதெல்லாம் மறக்கடிக்கிற வைத்தியம். கட்டு மாற்றும் நேரத்துக்கு அது போதும். என் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வலி விடியும்போதே தொடங்கிவிடுகிறது. நாள் முழுக்க ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இருக்க முடியுமா? அதைவிட, மறப்பது அவளுக்கு ஏற்கெனவே பழகிவிட்டிருந்தது. காலைத் தரையில் ஊன்றுவதில்லை, தொடுவதில்லை, குளிக்கும்போதுகூட அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பயந்து ஒதுக்க ஒதுக்க வலி முற்றும் என்று ஆய்வாளர்கள் விளயனும் லின்டனும் விரிவாக எழுதிய கட்டுரை அதே 'பெயின்' இதழில், அதே 2000-ஆம் ஆண்டில்தான் வந்தது. இரண்டு கட்டுரைகளும் ஒன்றையொன்று சந்திக்கப் பல வருஷம் ஆயிற்று.

சந்திக்க வைத்ததில் நம்மூர்க்காரர் ஒருவருக்குப் பங்குண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் கலிஃபோர்னியாவில் அட்டைப்பெட்டிக்குள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினார். கை போனவர்கள் இருக்கிற கையை அதற்கு முன்னால் அசைத்தால், போன கை அசைவதுபோல் தெரியும். சிலருக்கு இல்லாத கையில் இருந்த வலி தணிந்தது. 2003-இல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மக்கேப் குழுவினர் அதே வித்தையைச் சி.ஆர்.பி.எஸ். நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். நோய் வந்த புதிதில் பலன் இருந்தது, இரண்டு வருஷம் கடந்தவர்களுக்கு இல்லை. "நடிக்கிறாள்" என்று சொல்லிக் கடத்திய மாதங்களை நினைத்து நான் வயிறெரிவது இதனால்தான்.

கண்ணாடியால் உள்ளதை மட்டும்தான் காட்ட முடியும். கணினி கூட்டியும் மாற்றியும் காட்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சி.ஆர்.பி.எஸ். உள்ள நான்கே பிள்ளைகளிடம் இரண்டு சிறு முயற்சிகளைச் செய்து 2015-இல் வெளியிட்டார்கள். வலிக்கிற காலைக் கொஞ்சம் தூக்கினால் மெய்நிகர்க் கால் அதிகமாகத் தூக்கும். இன்னொரு ஏற்பாட்டில் கையின் அசைவும் காலின் அசைவும் அங்கே இடம் மாறும். எனக்கு இந்த வரலாற்றின் திருப்பம் இங்கேதான். உடம்பை விட்டு வெளியே கூட்டிப்போன கருவி, ஒதுக்கிவைத்த காலுக்குத் திரும்பும் வழியாயிற்று. 2012-க்குப் பிறகு ஆக்யுலஸ் போன்றவை வந்து ஹெட்செட்டின் விலையும் இறங்கியது.

2021 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஒரு வி.ஆர். சிகிச்சையை அனுமதித்தது. வீட்டிலேயே எட்டு வாரம் செய்வது. 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். அந்த வரியைப் படித்தபோது மனசு கனத்துப்போயிற்று. முதன்முதலில் தங்கள் புண்ணை நம்பிக் கொடுத்தவர்களுக்கு வயது 16-உம் 17-உம். பிள்ளைகளிடம் தனியாகச் சோதித்துப் பார்க்காமல் அனுமதி தர முடியாது என்பது எனக்கும் புரிகிறது. அந்தச் சோதனைகள் சீக்கிரம் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

என் அறையில் ஹெட்செட் இல்லை. தெருமுனைக் கடையில் ஒன்றரை அடிக்கு இரண்டடி வெட்டி, ஓரம் மழுக்கி வாங்கிய முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது. அதை அவளுடைய இரண்டு கால்களுக்கும் நடுவில் நிறுத்தினேன். வலது கால் பின்னால் மறைந்தது. இடது பெருவிரலை மெதுவாக மேலே, கீழே அசைக்கச் சொன்னேன். வெகுநேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, வலது கால் அசையுற மாதிரியே இருக்கு" என்றாள். பாவாடையைப் பிடித்திருந்த கை எப்போது அதை விட்டது என்று நான் கவனிக்கவில்லை. அம்மாதான் கவனித்துச் சொன்னார்.