சட்டம் இருந்தது, கேட்க ஆள் இல்லை

அமெரிக்கச் சாலையில் ஓடும் ஹார்லியோ ஹோண்டாவோ, கம்பெனி சைலன்சரோடு இருந்தால், குனிந்து தேடும்போது உலோகத்தில் பதித்த சில வரிகள் தட்டுப்படும். இந்தச் சைலன்சர் 80 டெசிபல் வரம்புக்கு உட்பட்டது, இன்ன மாடல் வண்டிக்கு உரியது, வேறு வண்டியில் பொருத்தினால் மத்திய சட்டத்தை மீறியதாகலாம் என்று பொடி எழுத்தில் இருக்கும். இதைச் சரிபார்க்கக் காவலருக்கு ஒலிமானி வேண்டாம், டார்ச் லைட் போதும்.

இந்த ஏற்பாடு 1983 மாடல் வண்டிகளிலிருந்தே இருக்கிறது. அந்த முத்திரையை உள்ளூர்க் காவலர்கள் பார்க்க ஆரம்பித்ததோ ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, அதுவும் சில ஊர்களில் மட்டும். இடையில் குறுக்கே நின்றது அரசியல்.

கதை பழையது. இண்டியானா மாநிலத்து ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-இல் எஞ்சின் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்தக் காலத்துச் சைலன்சர் சத்தத்தோடு சேர்த்து எஞ்சினின் இழுவையையும் கொஞ்சம் விழுங்கியது. அதனால் பல கார்களில் ஒரு மிதியோ நெம்புகோலோ வைத்தார்கள். மேடு ஏறும்போது அதை இயக்கினால் புகை சைலன்சருக்குள் போகாமல் நேராக வெளியே பாயும். மேட்டுக்காக வைத்ததை ஆட்கள் கடைத்தெருவிலும் மிதித்தார்கள். நகரசபைகள் ஒவ்வொன்றாக அதைத் தடை செய்தன. ஆனால் ஓடிப்போன காரில் யார் எப்போது மிதித்தார் என்று நிரூபிப்பது யார்?

நிரூபிப்பது எப்படி என்பதற்கு நியூயார்க்கின் ஜூலியா பார்னெட் ரைஸ் ஒரு வழி காட்டினார். அவருக்குத் தொல்லை கொடுத்தவை கார்கள் அல்ல, ஹட்சன் ஆற்றில் ஓயாமல் ஊதிய இழுவைப் படகுகள். கொலம்பியா பல்கலைக்கழகச் சட்ட மாணவர்களைக் கூலிக்கு அமர்த்தி ஊதல்களை எண்ண வைத்தார். ஒரே இரவில் ஏறக்குறைய 3,000. 1906-இல் தேவையற்ற சத்தத்தை ஒடுக்கும் சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே படகு ஊதல்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பணமும் செல்வாக்கும் உள்ள குடும்பம் என்பதால் கதவுகள் சீக்கிரம் திறந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் புலம்பலை எண்ணிக்கையாக மாற்றிய பிறகுதான் அரசியல்வாதிகள் காது கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. ஹார்ட்ஃபோர்டில் ஆரம்பகால மோட்டார் வண்டிகளைக் கட்டிய ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-இல் துப்பாக்கிச் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். வெடித்துக் கிளம்பும் வாயுவை அறைக்குள் சுழலவிட்டு அடக்கும் உத்தி அது. அதையே பிற்பாடு எஞ்சின்களுக்கும் கொண்டு போனார். 1934-இல் துப்பாக்கிச் சைலன்சருக்கு 200 டாலர் வரி போட்டு மத்திய அரசு அதை அரிதாக்கியது. வண்டியில் சைலன்சர் இல்லாவிட்டால் குற்றம், துப்பாக்கியில் இருந்தால் வரி என்றானது!

நியூயார்க் நகரம் 1929-இல் ஒலித் தணிப்பு ஆணையம் ஒன்றை அமைத்து, அளவுக் கருவிகள் பொருத்திய லாரியைத் தெருத் தெருவாக அனுப்பியது. டெசிபல் என்ற அளவே அப்போதுதான் பெல் ஆய்வகத்தின் தொலைபேசிப் பொறியாளர்களிடமிருந்து வெளியே வந்திருந்தது. 1935-இல் மேயர் லகார்டியா சத்தமில்லா இரவுகள் என்று இயக்கம் நடத்தினார். மறு ஆண்டு நகரச் சட்டமும் வந்தது. அளக்கத் தெரிந்தும், சட்டங்கள் பெரும்பாலும் ‘தேவையற்ற சத்தம்’ என்றே பேசின. எது தேவை, எது தேவையற்றது என்பது அந்தந்த நடுவரின் காதைப் பொறுத்தது.

அந்த நிலையை மாற்றப் பார்த்தது 1972-ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டுச் சட்டம். அக்டோபரில் நிக்சன் கையெழுத்திட்டார். தெருவில் ஓட்டுகிறவனைத் துரத்துவதைவிட, தொழிற்சாலை வாசலிலேயே சத்தத்தை நிறுத்திவிடலாம் என்பது அதன் அடிப்படை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குள் இதற்கென்று தனி அலுவலகம் இருந்தது. கனரக லாரிகளுக்கு 1978-இலிருந்து 83 டெசிபல். மோட்டார் சைக்கிளுக்கான விதி 1980-ஆம் ஆண்டின் கடைசி நாள்களில் வெளியானது: 1983 மாடலிலிருந்து 83 டெசிபல், 1986-இலிருந்து 80.

முழு வேகமெடுக்கும் வண்டியை 50 அடி தள்ளி நின்று அளக்க வேண்டும். சுற்றிலும் எதிரொலிக்கும் சுவர் இருக்கக்கூடாது, காற்று பலமாக வீசக்கூடாது. இப்படி ஒரு சோதனையைச் சாலையோரத்தில் எந்தக் காவலராலும் செய்ய முடியாது. தயாரிப்பாளர் ஒருமுறை சோதித்து முத்திரை பதித்துவிட்டால், பிறகு யாரும் அளக்கத் தேவையில்லை. விதி எழுதியவர்கள் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள்.

விதி வெளியான சில வாரங்களில் ரீகன் பதவியேற்றார். சத்தம் உள்ளூர்ப் பிரச்சினை, மாநிலங்களும் நகரங்களும் பார்த்துக்கொள்ளட்டும் என்றது புதிய நிர்வாகம். நாடாளுமன்றமும் ஒப்புக்கொண்டது. 1982-இல் ஒலி அலுவலகத்துக்கு நிதி நின்றது, கதவு மூடப்பட்டது. அங்கிருந்து வந்த உதவி நின்றதும் மாநில, நகரத் திட்டங்கள் பலவும் சுருங்கின.

சட்டத்தை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. சிக்கல் அங்கேதான். மத்திய விதி இருக்கும் புதிய வண்டிக்கு மாநிலம் வேறு வரம்பு வைக்கக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. பல மாநிலங்களில் ஓடும் லாரித் தொழில் ஒரே அளவைத்தான் விரும்பியது. ஆக, மாநிலங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்னவர்கள், மாநிலங்களின் கையைக் கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே போய்விட்டார்கள்.

ஓட்டையை அடைக்க ஆளில்லாததால் சந்தை புகுந்தது. பந்தயத் தளத்தில் மட்டும் பயன்படுத்தத்தக்கது, முகமையின் ஒலி விதிக்கு உட்படாதது என்று ஒரு வாசகம் ஒட்டிவிட்டால் எவ்வளவு சத்தமான சைலன்சரையும் விற்கலாம். வாங்குகிறவர் அதை எந்தப் பந்தயத்துக்குக் கொண்டு போகிறார் என்று யார் பின்னால் போய்ப் பார்ப்பது? சத்தமே சரக்கானது. ஹார்லி-டேவிட்சன் தன் எஞ்சினின் தடதடப்புக்கு 1994-இல் வணிக முத்திரை கேட்டு விண்ணப்பித்து, போட்டி நிறுவனங்களின் எதிர்ப்பால் 2000-இல் விட்டுவிட்டது. உரத்த சைலன்சர் உயிர் காக்கும் என்று ஜாக்கெட்டிலும் ஹெல்மெட்டிலும் ஒட்டிக்கொண்டது ஒரு கூட்டம். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கமோ, உரத்த சைலன்சர் நம் உரிமைக்கே உலை வைக்கும் என்று தன் ஆள்களை எச்சரித்தது. ஆனால் முத்திரையைப் பார்த்து அபராதம் போடுவதை அதுவும் ஏற்கவில்லை. அளந்து பார்த்துப் போடு என்றது.

முத்திரையைத் தூசி தட்டி எடுத்தது டென்வர் நகரம், 2007-இல். 1982-க்குப் பிறகு தயாரான மோட்டார் சைக்கிளில் முத்திரை உள்ள சைலன்சர் இருக்க வேண்டும் என்று விதித்தது. அடுத்து கலிபோர்னியா. செனட்டர் ஃபிரான் பேவ்லியின் மசோதாவில் 2010-இல் கையெழுத்திட்டவர், திரையில் ஹார்லி ஓட்டிப் புகழ்பெற்ற ஆளுநர் ஆர்னால்ட் ஸ்வார்செனகர். 2013 முதல் தயாராகும் வண்டிகளுக்கு முத்திரை கட்டாயம் என்றது சட்டம். கூடவே இன்னொரு வரி: இந்தக் குற்றத்துக்காக மட்டும் எந்தக் காவலரும் மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூடாது. சுற்றுச்சூழல்காரர்களுக்குச் சட்டம், பைக் ஓட்டுபவர்களுக்குச் சாலை! இந்த மாதிரி சமரசத்தை எந்த நாட்டு வாசகருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கார்களின் பக்கமும் இதே கூத்துதான். கலிபோர்னியாவில் முன்பெல்லாம் சத்தமான சைலன்சருக்குச் சீட்டு வாங்கியவர், அதைச் சரிசெய்து காட்டினால் சீட்டு ரத்து. பழைய சைலன்சரை மாட்டிக் காட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மறுபடி கழற்றுவது சுலபம். 2018-இல் நிறைவேறி 2019 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டம் அந்த வழியை அடைத்தது. நேராக அபராதம். ஆனால் சத்தம் 95 டெசிபலுக்குக் கீழே என்று நிரூபிக்க, வண்டிகளைச் சோதிக்கும் மாநில நடுவர் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். சாலையில் காவலரிடம் இருப்பது காது மட்டுமே. காதை நம்பிச் சீட்டு எழுதினால் யாரைக் குறிவைப்பார்கள் என்ற கேள்வி எழுந்தது நியாயமே.

நியூயார்க் மாநிலம் 2021-இல் அபராத உச்சத்தை 150 டாலரிலிருந்து 1,000 டாலராக்கியது. மெக்கானிக் கடைகளையும் உள்ளே இழுத்தது: சட்டவிரோதச் சைலன்சர் மாட்டித் தந்து மூன்று முறை பிடிபட்டால் உரிமம் போகும். நகரம் கேமராவையும் மைக்ரோஃபோனையும் சேர்த்துக் கம்பத்தில் ஏற்றியது. 50 அடியில் 85 டெசிபலைத் தாண்டினால் ஒலியும் எண் பலகையும் பதிவாகும். ஊழியர் ஒருவர் பதிவைப் போட்டுப் பார்த்த பிறகே 800 டாலரில் தொடங்கும் அபராதச் சீட்டு போகும். பாரிஸில் 2022-இல் வைத்த கருவியும் இதே வழிதான். நான்கு மைக்ரோஃபோன்களை ஒப்பிட்டுச் சத்தம் எந்த வண்டியிலிருந்து வருகிறது என்று படத்திலேயே புள்ளி வைத்துக் காட்டும்.

இந்தக் கம்பங்கள் எல்லாம் பிடிப்பது ஓட்டுபவரைத்தான். 1972-இல் தயாரிப்பாளரிடம் வைத்த பொறுப்பு, கடைக்காரர் வழியாக நழுவி, கடைசியில் ஓட்டுபவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. பந்தயத்துக்கு மட்டும் என்ற வாசகத்தோடு சைலன்சர் இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. 2023 ஜூனில் குவயட் கம்யூனிட்டீஸ் என்ற அமைப்பு சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மீது வாஷிங்டன் மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. புதிய சட்டம் எதையும் அது கேட்கவில்லை; நிக்சன் கையெழுத்திட்ட சட்டத்தை முகமை அமல்படுத்த வேண்டும் என்பதே கோரிக்கை.