மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகள்



குறிகட்டுவான் இறங்குதுறையிற் சற்று நேரம் நின்று காது கொடுத்தால் ஒரு புதுமை விளங்கும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் படகுகளின் டீசல் இயந்திரங்கள் தடதடவென்று அடிக்கின்றன. அதைக் கேட்டு எவரும் அஞ்சுவதில்லை. அது நின்றாற்றான் அஞ்சுவர். அத்தகைய ஒலி கரையிற் காத்துநிற்கும் பெற்றோல் காரின் முன்மூடிக்கடியிலிருந்து எழுமாயின், சாரதியின் முகம் கறுத்துவிடும். புங்குடுதீவுத் தாம்போதியையும் பண்ணைத் தாம்போதியையும் கடந்து, ஒரு நோயாளியை யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியிற் சேர்க்கவேண்டியவர் அவர். இருபுறமும் கடல், நடுவிலே கராச் கிடையாது. ஓட்டிச் செல்லலாமா, நிறுத்தவேண்டுமா என்பதை அவருடைய காதே தீர்மானிக்கவேண்டும்.

டீசல் இயந்திரத்திலே காற்று மிக இறுக அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. அதனுள் எண்ணெய் பீச்சப்பட்டவுடன் தானாகவே தீப்பற்றுகிறது. அதன் தடதடப்பு இயற்கையானது. பெற்றோல் இயந்திரத்திலோ பிளக்கின் பொறி மூட்டிய சுவாலை, சிலிண்டரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒழுங்காகப் பரவவேண்டும். சுவாலை சென்று சேருமுன்னரே, மறுமுனையிலுள்ள வாயு வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒரேயடியாகப் பற்றிக்கொண்டால், அந்த அதிர்ச்சி சிலிண்டரின் சுவரைச் சம்மட்டிபோலத் தாக்கும். நம் மெக்கானிக்குகள் ‘நொக்கிங்’ என்பது இதனைத்தான்.

இவ்வொலியைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கியதற்கும் மண்ணெண்ணெய்க்கும் தொடர்புண்டு. அமெரிக்காவிலே, கார்களுக்கு மின்சார ஸ்ராற்றரை அமைத்துத் தந்த சார்ல்ஸ் கெற்றரிங் என்பவர், பண்ணை வீடுகளுக்கு மின்விளக்கு தரும் சிறு இயந்திரங்களையும் விற்றார். மண்ணெண்ணெயில் ஓடிய அவ்வியந்திரங்கள் பொல்லாத சத்தமிட்டன. பழி அவரது பற்றவைப்பு முறையின்மீது விழுந்தது. 1916 ஆம் ஆண்டில் தோமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞரிடம் காரணத்தைக் கண்டறியும்படி ஒப்படைத்தார். குற்றம் எரிபொருளினது என மிட்ஜ்லி கண்டார். 1921 டிசம்பரில், ஈயச் சேர்க்கை சிறிதளவு கலந்தால் பெற்றோலின் தட்டல் அடங்குவதையும் கண்டார். ஈயமோ நஞ்சு. உலகின் வீதிகளிலிருந்து ஈயப் பெற்றோலை முற்றாக அகற்ற ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றன. கடைசியாக 2021 இல் அல்ஜீரியா அதனைக் கைவிட்டது.

அமெரிக்கப் பண்ணைகளில் 1916 இல் எழுந்த அந்தச் சத்தம் யாழ்ப்பாணத்தில் 1990 இல் மீண்டும் கேட்டது.

1960களில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இலங்கையிற் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால், ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பிரித்தானிய வண்டிகளை நம்மவர் முதுசொம்போலப் பேணினர். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் ஊர்காவற்றுறை, வேலணைப் பகுதிகளுக்குள் இராணுவம் நுழைந்தபோது, தீவக மக்கள் பலர் குடாநாட்டுக்குப் பெயர்ந்து அத்தடைக்குள் வாழ்ந்தனர். பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. காபரேற்றரின் வாயிற் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பிச் சூடேற்றி, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாதாகையால் வேறு வழியில்லை. இறுக்கம் குறைந்த பழைய இயந்திரங்கள் இதனை ஓரளவு தாங்கின. அன்று புத்தம்புதிய வண்டியிலும் கிழட்டு ஒஸ்ரினே மேலானது!

ஆயினும் தட்டல் எழாமலில்லை. பாரத்துடன் செல்லுகையில் கிணுகிணுவென்ற உலோக ஒலி எழுந்து, காலைத் தளர்த்தியதும் மறையுமாயின் அது எரிபொருளின் தட்டல். டிஸ்ரிபியூற்றரைச் சிறிது திருப்பிப் பொறியைப் பிந்தச் செய்தால் அது தணியும், வலுவும் குறையும். ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டினாலும் குணந்தெரியும். இவ்வொலியுடன் மெல்ல ஓட்டி வீடு சேரலாம்.

மற்றொன்று உண்டு, அதுவே பொல்லாதது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி வடிந்து, கீழேயுள்ள எண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் பெயரிங்கைக் காக்காது. அப்போது அடியிலிருந்து ‘டொக், டொக்’ என்று கனத்த ஒலி வரும். ஒவ்வொரு பிளக்கின் கம்பியாகக் கழற்றிப் பார்க்கவேண்டும். எந்தச் சிலிண்டரின் பொறியை நிறுத்தும்போது ஒலி அடங்குகிறதோ, நோய் அங்கே. நீண்ட திருப்புளியின் நுனியை இயந்திரத்தில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பதும் நல்ல உபாயமே. அதன்பின் ஓட்டுவது மடமை. பெயரிங்கை மாற்றாவிடில், தண்டு முறிந்து இயந்திரத்தின் சுவரையே உடைத்துவிடக்கூடும். எண்ணெயை அடிக்கடி மாற்றியிருந்தால் வராத நோய் இது. ஆனால் தடைக்காலத்தில் புது எண்ணெய்க்கு எங்கே போவது?

2002 இல் ஏ-9 பாதை திறந்தது. அதே ஆண்டில் இலங்கை ஈயப் பெற்றோலைக் கைவிட்டது. மண்ணெண்ணெய்க்காகப் பிந்தவைத்த பொறியை மீண்டும் முந்தச் செய்யவேண்டியதாயிற்று. அத்துடன் வேறொரு கவலையும் சேர்ந்தது. பழைய வண்டிகளின் வால்வு இருக்கைகளை ஈயம் ஒரு மென்படலமாய் நின்று காத்துவந்தது. ஈயமின்றி நெடுந்தூரம் வேகமாக ஓடினால் இருக்கை தேயும், வால்வு உட்செல்லும், டப்பெற்றின் இடைவெளி சுருங்கும். வழக்கமான டிக்-டிக் ஒலி மெல்லக் குறைந்து மறையும். சாரதி மகிழ்வார், வால்வோ சரியாக மூடாமற் கருகத் தொடங்கியிருக்கும். மொறிஸ் மைனர் 1000 வண்டிக்கு அவ்விடைவெளி அங்குலத்தின் ஆயிரத்திற் 12 பங்கு. அவ்வண்டியை வைத்திருப்பவர்கள், டப்பெற்றின் சத்தம் நின்றுவிட்ட நாளிலேயே அளவுத்தகட்டை எடுத்து அளந்துபார்க்கவேண்டும்.