விசிலும் ஸ்க்ரீனும்

காலேஜ் முடிச்ச வருஷம், திண்டிவனத்துல ஒரு மேட்ச். ரெஃப்ரி வரல; விழுப்புரத்துலேர்ந்து போன என் கையில விசிலைக் கொடுத்துட்டாங்க. கடைசி நிமிஷம், ஹேண்ட்பால்னு பெனால்ட்டி கொடுத்தேன். "அண்ணா, நெஞ்சுலதான் பட்டுச்சு"ன்னு அந்தப் பையன் கெஞ்சினான். நான் கேக்கல. கோல். திரும்பி வர்ற பஸ்ல ஃப்ரெண்டோட மொபைல் வீடியோவைப் பார்த்தா, அவன் சொன்னதுதான் நிஜம்.

பெனால்ட்டி 1891ல விதியா வந்தது. யோசனை, அயர்லாந்து கோல்கீப்பர் வில்லியம் மெக்ரமோடது. அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல, நடுவர் கண்ணால பார்த்ததுதான் தீர்ப்பு. 2018 மார்ச்சுலதான் விஏஆர், அதாவது வீடியோ உதவி நடுவர் முறை, விதிப்புத்தகத்துல ஏறுச்சு.

அதே வருஷம் ஜூலை 15, மாஸ்கோ, உலகக் கோப்பை ஃபைனல். குரோஷியா வீரர் பெரிசிச் கையில பந்து பட்டுச்சு. நடுவர் பிட்டானா முதல்ல பெனால்ட்டி கொடுக்கல. ஓரத்துல இருந்த ஸ்க்ரீனைப் பார்த்தார், கிளம்பினார், திரும்பப் போய்ப் பார்த்தார், அப்புறம் கொடுத்தார். கிரீஸ்மன் கோல். பிரான்ஸ் 4-2ல ஜெயிச்சது. பந்து பட்டது தப்பா, தற்செயலா? அந்தச் சண்டை ஓயவே இல்ல.

எங்க பட்டுச்சுன்னு ஸ்க்ரீன் காட்டும். அது குத்தமான்னு மனுஷன்தான் சொல்லணும். பிட்டானாவோடது ரெண்டாவது கேள்வி. என்னோடது முதல் கேள்விதான், அதுலயே தப்பு பண்ணிட்டேன்.

சாரி தம்பி.