ஆயாக் கொட்டகையும் விழுங்கல் கிளினிக்கும்

பாலாடை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வசதியான வீட்டில் வெள்ளி, மற்ற வீடுகளில் பித்தளை அல்லது எவர்சில்வர். கிண்ணத்தின் ஒரு பக்கம் மட்டும் கிளி மூக்கு மாதிரி நீண்டு குறுகியிருக்கும். சில ஊர்களில் இதையே சங்கு என்பார்கள். பிள்ளையை மடியில் சற்றே நிமிர்த்திப் பிடித்து, அந்த மூக்கைக் கீழுதட்டோரம் தொடவைத்து, பாலைச் சிறுகச் சிறுக விடவேண்டும். கண் கிண்ணத்தில் இருக்கக் கூடாது, பிள்ளையின் தொண்டையில் இருக்கவேண்டும். உள்ளே போனது இறங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. பிள்ளை மூச்சுக்குத் திணறினால் கையை எடுத்துவிட வேண்டும்.

உறிஞ்சத் தெம்பில்லாத குறைமாதப் பிள்ளைக்குப் பாட்டிமார் கைக்கொண்ட முறை இது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு எப்படி ஊட்டுவது என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டி, தாய்ப்பாலை மார்பில் குடிக்க முடியாத பிள்ளைக்குப் புட்டி வேண்டாம், கோப்பையோ கரண்டியோ பாலாடையோ போதும் என்கிறது. பாலாடையை அதன் பெயராலேயே குறிப்பிடுகிறது.

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈப்போவில் இன்று விழுங்கல் சிரமத்தோடு வருகிறவரின் எதிரில் உட்காரும் பேச்சுச் சிகிச்சையாளர் பார்ப்பதும் இதைத்தான். தலை எப்படி நிற்கிறது, வாய்க்குள் எவ்வளவு போகிறது, விழுங்கியாயிற்றா, மூச்சு சீராக இருக்கிறதா. ரப்பர்த் தோட்டத்துப் பெண்களின் கைப்பழக்கமாக இருந்த ஒன்று பேராக்கில் மருத்துவத் தொழிலாக வந்துசேர நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது. நடுவில் நடந்ததை யாரும் சேர்த்து எழுதிவைக்கவில்லை.

1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த ஒன்பது ரப்பர்க் கன்றுகளைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அடுத்த நாற்பது ஆண்டுக்குள் சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான் என்று பால்மரம் பரவியது. மரம் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்க, நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆள் வந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது. அதன்பின் கங்காணி மூலமும் சொந்தச் செலவிலும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அப்போதுதான் தோட்ட நிர்வாகங்களின் முன்னால் ஒரு புதுக் கேள்வி எழுந்தது: தாய் மரம் வெட்டப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது?

விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, மணி அடிக்கும். நேரமானால் வெயில் ஏறிப் பால் நின்றுவிடும் என்பதால் வெட்டு இருட்டிலேயே தொடங்கும். இடுப்பில் பிள்ளையோடு லயக் குடியிருப்பிலிருந்து கிளம்பும் பெண்கள் வழியில் ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள். பழைய சேலையில் கட்டிய தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். மரம் வெட்டத் தெம்பு போன ஒரு பாட்டிதான் பெரும்பாலும் அங்கே ஆயா. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பிள்ளைக் காப்பகத்தைத் தோட்ட முதலாளியின் பொறுப்புகளில் சேர்த்தது. ஆனால் அங்கே இருக்கும் பெண்ணுக்கு ஊட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் தாயிடமிருந்து வந்தது.

அதில் நல்லதும் இருந்தது, ஆபத்தும் இருந்தது. எந்தப் பிள்ளை கன்னத்தில் சோற்றை ஒதுக்கும், எது தண்ணீர் குடித்தால் புரையேறும், எதற்குக் குழையப் பிசைந்தால்தான் இறங்கும் என்பதெல்லாம் ஒரு நல்ல ஆயாவுக்கு அத்துப்படி. ஆனால் மருந்து கொடுக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு, அழுகிற பிள்ளையின் தொண்டைக்குள் ஊற்றுகிற பழக்கமும் அதே கைகளில் இருந்தது. விளக்கெண்ணெய், நெய், ஓமத்தண்ணீர் எல்லாம் அப்படித்தான் உள்ளே போயின. வாயைத் திறந்து அழுகிற பிள்ளை மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தில் ஊற்றினால் எண்ணெய் வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குத்தான் போகும். தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இப்படி எண்ணெயால் வந்த நிமோனியா பற்றி 1973-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தனிக் கட்டுரையே வந்தது. கப்பலேறி வந்த பழக்கங்களில் இதுவும் ஒன்று. பாட்டி வைத்தியம் என்று மொத்தமாகப் போற்றுவதும் தப்பு, மொத்தமாகத் தூற்றுவதும் தப்பு.

பிறகு டின் பால் வந்தது. சர்க்கரை போட்டுக் குறுக்கிய பால், திறந்த டின்னில், அளவில்லாத தண்ணீரில் கரைந்து பிள்ளை வாய்க்குப் போனது. ஜமைக்காவில் பிறந்து, ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில் பணியாற்றி, குவாஷியோர்கர் என்ற சத்துக்குறை நோயை மருத்துவ உலகுக்குச் சொன்ன டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1936-இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில், இந்த டின் பாலைக் குழந்தைக்கேற்ற உணவு என்று விற்பதைக் கொலை என்றே சொல்லிப் பேசினார். பேச்சின் தலைப்பிலேயே பாலும் கொலையும் அருகருகே நின்றன. பகலெல்லாம் மரத்துப் பாலை எடுக்கப் போன தாயின் பிள்ளைக்குத் தாய்ப்பால் எட்டாமல் போன தோட்டங்களுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு பொருந்தும் என்று விளக்கத் தேவையில்லை.

பிள்ளைக்காவது ஆயா இருந்தாள். பெரியவர்களுக்கு யாரும் இல்லை. பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்த மனிதரைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர் பார்ப்பார். மருந்து கொடுப்பார், ஊசி போடுவார், முடியாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். வீட்டுக்குத் திரும்பியவருக்கு மனைவியோ மகளோ கஞ்சித் தண்ணீர் ஊட்டுவார்கள். ஒவ்வொரு வாய்க்கும் இருமுவார். சில வாரத்தில் சளி கட்டிக் காய்ச்சல் வரும், பிறகு போய்விடுவார். சளிக்காய்ச்சலில் போனார் என்றுதான் லயத்தில் சொல்வார்கள். தண்ணீர் வழி தவறி நுரையீரலுக்குப் போனது என்று சொல்ல அப்போது தோட்டத்தில் ஆள் இல்லை. இப்படி எத்தனை பேர் போனார்கள் என்பதற்குக் கணக்கும் இல்லை. பாசத்தோடு ஊட்டிய கஞ்சியே எமனாக வந்தது என்று தெரியாமலே அந்தப் பெண்கள் வாழ்ந்து முடித்தார்கள். ஒரு வகையில் அது அவர்களுக்கு நல்லதாயிற்று.

அன்றைய உலகத்திலும் விழுங்கலைத் தனித் துறையாகப் பார்த்தவர்கள் குறைவு. பிரிட்டனில் பேச்சுச் சிகிச்சையாளர்களுக்கான கல்லூரி 1945-இல் அமைந்தது. திக்குவாய், அன்னப்பிளவு, போரில் தலையில் அடிபட்டுப் பேச்சிழந்தவர்கள் என்று அவர்கள் கவலை பேச்சைச் சுற்றியே இருந்தது. பேசுகிற உறுப்பும் விழுங்குகிற உறுப்பும் ஒன்றுதான் என்பதிலிருந்து அடுத்த அடியை வைத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஜெரி லோகமன். பேரியம் கலந்த உணவை எக்ஸ்ரே திரைக்கு முன்னால் விழுங்கச்செய்து, அது எங்கே வழுக்குகிறது, எங்கே தேங்குகிறது, மூச்சுக்குழலுக்குள் எட்டிப் பார்க்கிறதா என்று கவனிக்கும் சோதனையை அவர் ஒழுங்குபடுத்தினார். அவருடைய நூல் 1983-இல் வெளிவந்தது. 1988-இல் சூசன் லாங்மோரும் அவர் குழுவினரும் மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழலை விட்டு விழுங்கலை நேரில் பார்க்கும் முறையை விவரித்தார்கள்.

இருமாமலே நுரையீரலுக்குப் போகும் தண்ணீரும் உண்டு என்பதை இந்தப் படங்கள்தான் சந்தேகமறக் காட்டின. கண்ணுக்கும் காதுக்கும் தப்புவதை எந்த ஆயாவாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

மலேசியாவுக்கு இந்தத் தொழில் தாமதமாக வந்தது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய சிலர்தான் முதலில் இருந்தார்கள். மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995-இல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. நான்கு ஆண்டு கழித்து முதல் அணி வெளியே வந்தது. அரசு மருத்துவமனைகளில் இவர்களுக்குக் காது மூக்கு தொண்டைப் பிரிவை ஒட்டித்தான் பெரும்பாலும் இடம் கிடைத்தது. 2016-இல் துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான சட்டம் நிறைவேறி 2020 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பிறகே, பதிவு இல்லாதவர் இந்தப் பெயரில் தொழில் செய்யக் கூடாது என்ற நிலை வந்தது.

இந்த இடைக்காலத்தில் தோட்டம் கலைந்துவிட்டது. 1950-களிலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் 1957 முதல் 1959 வரை சுகாதார அமைச்சராக இருந்தவருமான வீ.தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களை வாங்கினார். ஆனாலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. சனம் ஈப்போவின் புந்தோங்குக்கும் புறநகர்த் தாமான்களுக்கும் நகர்ந்தது. தோட்டத்தோடு டிரெசரும் ஆஸ்பத்திரியும் ஆயாக் கொட்டகையும் போயின. விழுங்கலைக் கவனிக்கும் கிளினிக் நகரத்துக்கு வந்த காலத்தில், கவனிக்கப்பட வேண்டியவர்களில் பலர் பேருந்து ஒழுங்காக வராத ஒதுக்குப்புறங்களில் முதுமை அடைந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களோடு இனிப்பு நீரும் வந்தது. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரில் அது 31.4 விழுக்காடு. நீரிழிவு பக்கவாதத்துக்கு வழிவிடுகிறது, பக்கவாதம் தொண்டையைக் கெடுக்கிறது.

கிளினிக்கில் முதலில் நடப்பது ஒரு குழப்பம். பேசத்தான் பேசுகிறாரே, சாப்பிடத்தானே முடியவில்லை, பேச்சுச் சிகிச்சைக்கு ஏன் அனுப்பினார்கள் என்று குடும்பம் கேட்கும். மலாயிலும் தமிழிலும் அந்தப் பெயர் பேச்சை மட்டும்தான் சொல்கிறது, அதனால் கேள்வி நியாயமானதே. சிகிச்சையாளர் பதில் சொல்லிக்கொண்டே நான்கு விரல்களை நோயாளியின் தாடைக்கடியிலிருந்து குரல்வளை வரை மெல்லப் பரப்பி வைக்கிறார். ஒரு கரண்டித் தண்ணீர். குரல்வளை மேலேறி இறங்குவது விரலுக்குத் தெரியவேண்டும். "ஆ" என்று சொல்லச் சொல்கிறார். குரல் தெளிவாக வந்தால் அடுத்த கரண்டி. நீர் கோத்துக் கொழகொழவென்று வந்தால் நிறுத்திவிடுகிறார்.

அடுத்து ஊசிக்குழல். சோற்றின் குழைவையும் நீரின் கெட்டியையும் நாட்டுக்கு நாடு வேறு வேறு பெயரில் சொன்னதால் வந்த குழப்பத்தைத் தீர்க்க 2013-இல் தொடங்கிய ஒரு சர்வதேச முயற்சி, பூஜ்யம் முதல் ஏழு வரை எட்டுப் படிகளை வகுத்தது. அதில் குடிக்கும் நீர் வகைகளைச் சோதிக்கப் பத்து மில்லி ஊசிக்குழல் ஒன்று போதும். குழலில் பத்து மில்லிக் கோடுவரை உள்ள நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். உள்தண்டை உருவிவிட்டு, கீழே விரலால் அடைத்து, பத்து மில்லி ஊற்றி, விரலை எடுத்துப் பத்து விநாடி எண்ணவேண்டும். தண்ணீர் முழுவதும் ஓடிவிடும். ஈப்போவின் பெருமையான ஒயிட் காபியும் சூடாக இருக்கும்போது ஏறக்குறைய அப்படியே ஓடிவிடும். நான்கு முதல் எட்டு மில்லிவரை தங்கினால் அது இரண்டாம் படி. பலருக்கு அந்த அளவு கெட்டியில்தான் காபி பத்திரமாக இறங்குகிறது.

நம் சமையலறையைத் தெரிந்தவருக்கே புரியும் சிக்கல்கள் இங்கே உண்டு. உடம்புக்கு முடியாதவருக்கு எளிதாக இறங்கும் என்று ரசஞ்சோறு கொடுப்பது நம் வழக்கம். விழுங்கல் கெட்டவருக்கு அதுதான் மிகக் கடினமானவற்றில் ஒன்று: சோற்றை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் தனியாகப் பிரிந்து முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடுகிறது. கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைத்தால், எச்சிலில் உள்ள நொதி வாய்க்குள்ளேயே அந்த மாவுச்சத்தை உடைத்து நீர்த்துப்போகச் செய்துவிடுகிறது. சோற்றை நன்றாகக் குழைத்து, தயிர் விட்டு, கட்டியோ நீரோ பிரியாமல் பிசைந்தது பலருக்கு ஒத்துக்கொள்கிறது. புந்தோங்கின் பெயரை நாடு முழுக்கத் தெரியவைத்த கச்சாங் பூத்தேயை மட்டும் வீட்டில் எட்டாத இடத்தில் வைத்துவிட வேண்டியதுதான்.

இதையெல்லாம் மலாயில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் நோயாளியின் எழுபது வயது மனைவிக்கு விளங்குமா? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சில வருடம் மட்டும் படித்தவர் அவர். எல்லா மருத்துவமனையிலும் தமிழ் பேசும் சிகிச்சையாளர் இருப்பதில்லை. ரசத்துக்கும் சாம்பாருக்கும் வேறுபாடு தெரியாதவர் எவ்வளவு அக்கறையோடு சொன்னாலும் பாதிதான் போய்ச்சேரும். வாய்வழி எதுவும் கொடுக்கக்கூடாது என்று கட்டிலில் எழுதித் தொங்கவிட்ட பிறகும் ஒரு வாய் மறைத்து ஊட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை அதட்டுவதால் பயனில்லை. நம்மிடையே ஊட்டுவது என்பது பசிக்கு மட்டும் கொடுப்பதில்லை. எப்படி ஊட்டினால் ஆபத்தில்லை என்று அவர்கள் கையைப் பிடித்துக் காட்டவேண்டும். ஆயாக் கொட்டகையில் ஒருத்தி இன்னொருத்திக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தாள்.

வீட்டில் பெரியவர் தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி இருமினாலோ, சாப்பிட்ட பின் குரல் நீர் கோத்து வந்தாலோ, காரணமில்லாமல் மெலிந்து திரும்பத் திரும்ப நிமோனியா வந்தாலோ, வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். விழுங்கலைச் சோதிக்கப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்புங்கள் என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். பெரியவர் வழக்கமாகச் சாப்பிடும் சோற்றையும் காபியையும் சிறு டப்பாவில் எடுத்துப்போய்ச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவர் அனுப்பினால், அரசு மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்கான கட்டணம் ஐந்து ரிங்கிட்.